மதிப்பில்லை என்று எழுதிய பெட்டி

செத்துப்போன ஏதோ ஒரு மந்திரியின் சொத்தில் எனக்குப் பாதி தருவதாகச் சொல்லும் வழக்கமான ரகம் என்றுதான் அந்த மின்னஞ்சலை முதலில் நினைத்தேன். இரண்டாயிரத்து நான்கைந்து வாக்கில், துபாயில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்கு வந்த அஞ்சல்களில் பாதி அந்த ரகம்தான். ஆனால் இதில் யாரும் எதையும் தருவதாகச் சொல்லவில்லை. அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். நாங்கள் செய்துகொண்டிருந்த கிடங்கு மென்பொருளை இப்போது நீங்கள்தான் செய்கிறீர்களா? எப்போதிலிருந்து? முடித்த பிறகு அதை எங்கள் நாட்டுக்கு எப்படி அனுப்புகிறீர்கள், இணையக் கம்பி வழியாகவா, கையில் பிடிக்கக்கூடிய பொருளாகவா?

வேலை போனவர்களுக்கான அரசு உதவி கேட்டு மனுப் போடத்தான் என்று கீழே இரண்டு வரி விளக்கமும் இருந்தது. முதல் இரண்டு கேள்விகளை யாரும் கேட்கலாம். மூன்றாவதுதான் இடித்தது. எப்படி அனுப்பினால் இவருக்கு என்ன?

நான் வேலை பார்த்தது நாற்பது பேர்கூட இல்லாத ஒரு மென்பொருள் நிறுவனம். பெரிய கிடங்குகளில் எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லும் நிரலை எழுதுவது எங்கள் வேலை. தாய்க் கம்பெனி அமெரிக்காவில். அங்கே ஒரு சின்ன ஊரில் பதினைந்து வருடம் ஒரு குழு அதை எழுதியிருந்தது. அந்தக் குழுவைக் கலைத்துவிட்டு வேலையை எங்களிடம் தந்தார்கள். அந்தக் குழுவில் ஒருவர் தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளை நிரலின் ஓரங்களில் விட்டுவிட்டுப் போயிருந்தார். சுருக்கமான குறிப்புகள். சில இடங்களில் கிண்டல். 'இதைத் தொடாதே. நான் தொட்டேன். அழுதேன்' என்று ஒன்று. ஆறு மாதமாக அந்த இரண்டெழுத்தோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மின்னஞ்சலின் அடியில் அதே இரண்டெழுத்து இருந்தது.

பதில் போடவில்லை. அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஷார்ஜா ரூமுக்குப் போனேன்.

ரூமில் மூன்று பேர். நான் ஒருவன். இன்னொருவர் எங்கள் அலுவலகத்திலேயே கணக்கும் ஸ்டோரும் பார்க்கும் கீழக்கரைக்காரர். வயது நாற்பத்தைந்து இருக்கும். அவர்கள் பக்கம் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில் எல்லோருக்கும் அவர் காக்கா. மூன்றாமவர் புதுக்கோட்டைப் பக்கத்து எலெக்ட்ரீஷியன், கட்டட சைட்டில் வேலை, நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து காக்கா நெய்ச்சோறு ஆக்குவார். அன்று சோறு வேகும் நேரத்தில் தாளை எடுத்துத் தமிழில் சொன்னேன்.

"யாரு இவ?" என்றார் காக்கா, கரண்டியை நிறுத்தாமல்.

"நமக்கு முன்னாடி இந்த வேலைய பாத்தவங்க. வேலை போயிருச்சாம். அவங்க ஊர் அரசாங்கத்துகிட்ட உதவி கேக்குறாங்களாம். வெளிநாட்டு வியாபாரத்தால வேலை போனவங்களுக்குன்னு அங்க ஒரு திட்டம் இருக்கு. வேற தொழில் படிக்க வைக்கிறாங்க, படிக்கிற வரைக்கும் வாராவாரம் காசு, ஆஸ்பத்திரி இன்சூரன்ஸுல ஒரு பங்கு. அதுக்கு இவங்க தகுதியான்னு பாக்கத்தான் இந்தக் கேள்வி."

எலெக்ட்ரீஷியன் அண்ணன் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "இரு மாப்ள. வேலை போனா கவர்மெண்டு காசு குடுக்குதா?"

"ஆமா."

"வேலை போனா?"

"ஆமாண்ணே."

"டுபாக்கூருடா அது. வேலை போனா கவர்மெண்டு விசாவ எடுக்கும். கைரேகைய எடுக்கும். ஏர்போர்ட் வரைக்கும் கூட வந்து, ஏறிட்டானான்னு பாத்துட்டுப் போகும். காசு குடுக்குமாம்ல."

காக்கா அடுப்பைக் குறைத்தார். "தம்பி, நான் ஒண்ணு சொல்றேன். இது பொம்பளை எழுதுனதில்ல. நம்ம மேனேஜரு எழுதுனது. எவன் வாய் விடுறான்னு பாக்குறாரு. பாஸ்போர்ட்டு யாரு பெட்டகத்துல கெடக்குது?"

எங்கள் மூவரின் பாஸ்போர்ட்டும் அவரவர் கம்பெனியின் பெட்டகத்தில்தான் கிடந்தது. தட்டுகளை எடுத்தோம். சோறு நன்றாக இருந்தது.

ஆனால் எனக்குச் சும்மா இருக்க வராது. அன்று மாலையே இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து அந்தத் திட்டத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். திட்டம் இருந்தது. மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து மனுப் போட்டால் போதும். ஏற்கப்பட்டால் மொத்தக் குழுவுக்கும் கிடைக்கும். ஒரே ஒரு முட்டுக்கட்டை: வேலை இழந்தவர்கள் ஒரு 'பொருளை'ச் செய்தவர்களாக இருக்க வேண்டும். செருப்பு பொருள். திருகாணி பொருள். மென்பொருள் பொருளா என்பதில் அதிகாரிகளுக்குச் சந்தேகம். வட்டில் பதிந்து பெட்டியில் வந்தால் பொருள். கம்பி வழியாக வந்தால் அது சேவை, பொருள் இல்லை என்று பல மனுக்களைத் தள்ளியிருந்தார்கள்.

படித்து முடித்ததும் எனக்குத்தான் கோபம் வந்தது. ஆறு மாதமாகக் கண் எரிய எழுதுகிறேன். திருகாணியைவிட நான் மட்டமா? அந்தப் பெண்மணியின் மேல் இருந்த சந்தேகம் போகவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இப்போது என்னுடையதாகவும் ஆகிவிட்டது.

முதலில் அவர் உண்மையில் அவர்தானா என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழி இருந்தது. எங்கள் நிரலில் அலமாரி எண் முப்பத்தொன்பதுக்குப் பிறகு நேராக நாற்பத்தொன்றுக்குத் தாவும். ஏன் என்று எங்கும் எழுதவில்லை, பக்கத்தில் அந்த இரண்டெழுத்து மட்டும். நான் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போக, அமெரிக்காவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கத்தினார், பழையபடி ஆக்கிவிட்டேன். ஆக, ஒரே ஒரு வரி பதில் எழுதினேன்: நாற்பதாம் அலமாரி எங்கே?

மறுநாளே வந்தது. "எங்கள் முதல் வாடிக்கையாளரின் கிடங்கில் அந்த இடத்தில் மொட்டை மாடிக்குப் போகும் இரும்புப் படிக்கட்டு இருந்தது. ஸ்டோர்காரர் எண் எழுதிக்கொண்டே வந்தவர் படிக்கட்டிலும் நாற்பது என்று பெயிண்டால் எழுதிவிட்டார். சாமான் தேடிப் போன பையன்கள் மாடிக்குப் போய் சிகரெட் பிடித்துவிட்டுத் திரும்பினார்கள். அதனால் எடுத்துவிட்டேன். நீங்கள் அதைத் திருப்பி வைத்தீர்களாமே. கேள்விப்பட்டுச் சிரித்தேன்."

இதை மேனேஜர் எழுதியிருக்க முடியாது. அவருக்கு நிரலும் தெரியாது, சிரிப்பும் தெரியாது.

காக்காவிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. "சரி, பொம்பளைதான். அப்பவும் கேளு. அவ ஜெயிச்சா என்னாவும்? அவ வேலை இங்க வந்துருச்சுன்னு அரசாங்கமே ஒத்துக்கும். ஒத்துக்குனா திருப்பி எடுக்கும். நீயும் நானும் ஒரே பிளைட்ல ஊருக்கு."

இதையும் நான் கேட்டு எழுதினேன், கொஞ்சம் நாசூக்காக. வேலை திரும்பி வராது, யாருடைய வேலையையும் யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று பதில் வந்தது. எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் சேர இடம் கிடைத்திருக்கிறது, மூன்று மாதத்துக்குள் மனு ஏற்கப்படாவிட்டால் இடம் போய்விடும், கணவருக்கு இருதய மருந்து, இன்சூரன்ஸ் முடியப்போகிறது. அதோடு நிறுத்திக்கொண்டார். கெஞ்சவில்லை. கெஞ்சாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஏமாற்ற வருகிறவர்கள்தான் அளவாகப் பேசுவார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

இங்கே காக்காவின் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வேலை முடிந்ததும் கம்பி வழியாகத்தான் அமெரிக்கா போகும். ஏறி முடிய ஒரு பகல் ஆகும். அவ்வளவுதான், முடிந்தது. ஆனால் காக்கா வளைகுடாவில் இருபது வருடம் ஸ்டோர் பார்த்தவர். ஜித்தாவில், ஷரஃபியா கடைத்தெருவில் ஒரு கடையில் தொடங்கினார். வட்ட முத்திரை குத்தாமல் ஒரு சாமான் வாசலைத் தாண்டியதாக அவர் வாழ்க்கையில் இல்லை. "சீல் இல்லாம போனா போகலேன்னு அர்த்தம்" என்பார். ஆகவே ஒவ்வொரு முறையும் நான் நிரலை ஒரு சிடியில் பதிந்து தர வேண்டும். அவர் அதை அட்டைப் பெட்டியில் வைத்து, டெலிவரி நோட் எழுதி, நீல மையில் முத்திரை குத்தி, கூரியரில் அமெரிக்கா அனுப்புவார். அங்கே யாரும் அதைத் திறப்பதில்லை என்பது எங்கள் அலுவலகத்தின் நிரந்தர நகைச்சுவை. நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்: "காக்கா, நம்ம பெட்டி போய்ச் சேர்றதுக்குள்ள அவன் அதை யூஸ் பண்ணி, பழசாக்கி, புதுசு கேட்டுருவான்."

"கேக்கட்டும். அதுக்கும் ஒரு பொட்டி போடுவேன்."

அந்தப் பெட்டிகள்தான் அந்தப் பெண்மணி தேடிக்கொண்டிருந்த 'பொருள்'.

நான் எந்தத் தாளையும் அனுப்பவில்லை. அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை, அந்த அளவுக்கு அவரை நம்பவும் இல்லை. ஒரு வரி எழுதினேன்: உங்கள் பழைய அலுவலகத்தில் இன்னும் வேலையில் இருப்பவர் யாராவது இருந்தால், தபால் அறையில் திறக்காத பெட்டிகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இருந்தன. வரவேற்பறையில் வேலை பார்க்கும் அவருடைய தோழி காபி இயந்திரத்தை அந்தப் பெட்டிகளின் மேல்தான் வைத்திருந்தாராம்.

எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. ரூமில் போய் ஆடாத குறை. மூன்று வாரம் கழித்து அடுத்த அஞ்சல் வந்தது. பெட்டிகளைக் காட்டினார்களாம், அதிகாரி பார்த்தாராம். ஆனால் ஒவ்வொரு பெட்டியின் மேலும் 'சாம்பிள், வணிக மதிப்பு இல்லை' என்று எழுதியிருக்கிறதே, மதிப்பே இல்லாத ஒன்று எப்படி இறக்குமதிப் பொருள் ஆகும் என்று அதிகாரி கேட்கிறாராம். ஏன் அப்படி எழுதினீர்கள்?

காக்கா ஏன் அப்படி எழுதினார் என்று வளைகுடாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எதை அனுப்பினாலும் மதிப்பைக் குறைத்து எழுதுவது இங்கே மூச்சு விடுவது மாதிரி. ஊருக்குப் புத்தம்புது டேப்ரிகார்டர் போகும், மேலே 'பழைய துணி' என்றிருக்கும். கஸ்டம்ஸில் யார் நிற்பது? காக்கா அதே கையால் அமெரிக்காவுக்கும் எழுதியிருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

ரூமில் இதைச் சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது.

"நான் சொன்னேன்ல. பொம்பளை கேக்கலை. கஸ்டம்ஸ் கேக்குது."

"காக்கா, அவங்க..."

"தம்பி, வாய மூடு. மொதல்ல எப்புடி அனுப்புறேன்னு கேட்டாங்க. நீ பொட்டிய காட்டிக் குடுத்த. இப்ப ஏன் பொய் எழுதுனேன்னு கேக்குறாங்க. அடுத்து யாரு எழுதுனதுன்னு கேப்பாங்க. கையெழுத்து என்னுது. சீல் என்னுது. கடைசியா ஊருக்குப் போறதும் நானாத்தான் இருக்கும்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "அமெரிக்கா போலீஸு ஷார்ஜா வந்து உங்களப் புடிக்குமா காக்கா?"

"வராதா? எங்கதான் வரலை அவன்?"

அவர் சொல்வதில் ஒரு வரிசை இருந்தது. அந்தப் பெண்மணியின் அஞ்சல்களை முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு கேள்வியும் முந்தைய பதிலின் தோளில் ஏறி நின்றது. நல்ல நிரல் எழுதுபவர் அப்படித்தான் கேட்பார். நல்ல போலீஸும் அப்படித்தான் கேட்கும். நான் பதில் போடாமல் விட்டேன். அவர் மறுபடி எழுதவில்லை. மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது.

பத்து நாள் காக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் தேநீர் நேரத்தில் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"அந்த ஆபீசரு என்னா சொன்னான்னு திருப்பிச் சொல்லு."

"மதிப்பே இல்லாதது எப்படிப் பொருளாகும்னாரு."

"பொட்டியப் பாத்துட்டா?"

"பாத்துட்டுத்தான்."

"சீலைப் பாத்துட்டா?"

"ஆமா காக்கா."

"இருபது வருஷத்துல என் சீல் குத்துன சாமான எவனும் சாமான் இல்லேன்னு சொன்னதில்ல" என்றார். போய்விட்டார்.

அந்த வாரம் அடுத்த பதிப்பு முடிந்தது. வழக்கம்போல சிடி பதிந்து கொடுத்தேன். காக்கா பெட்டியை ஒட்டினார். மதிப்பு என்ற இடத்தில் பேனாவை வைத்தார், எடுத்தார். பிறகு எழுதத் தொடங்கினார். நான் எட்டிப் பார்த்தேன். கம்பெனி அந்த மென்பொருளை விற்கும் முழு விலை, டாலரில், கொட்டை எழுத்தில் இருந்தது. சாம்பிள் என்ற சொல்லே இல்லை.

"காக்கா, என்ன எழுதுறீங்க தெரியுதா?"

"உண்மைய எழுதுறேன். எழுத்து தப்பிரும், பேசாத."

முத்திரை குத்தினார். ஒன்று போதும், மூன்று குத்தினார்.

அதற்குப் பிறகு நடந்தது மளமளவென்று நடந்தது. அவ்வளவு மதிப்புள்ள சரக்கு என்பதால் அமெரிக்கச் சுங்கம் பெட்டியை நிறுத்தி, முறைப்படி இறக்குமதி என்று பதிந்துகொண்டு உள்ளே விட்டது. அதற்கான கட்டணத்தைக் கூரியர்காரன் அமெரிக்க அலுவலகத்தில் கேட்டான். அவர்கள் துபாய் மேனேஜரைக் கேட்டார்கள். மேனேஜர் திருச்சூர்க்காரர், பாதி மலையாளத்தில்தான் பேசுவார். காக்காவை அறைக்குக் கூப்பிட்டார். சிடி பதிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்.

"இது ஆரு எழுதியது?"

"நான்தான் சார்."

"இத்ர நாள் நோ வேல்யூ எழுதி. இப்ப எந்தினா இது?"

"போன மீட்டிங்ல நீங்கதான் சார் சொன்னீங்க."

"ஞானோ?"

"இந்தப் பொருள்தான் நம்ம கம்பெனியோட சொத்து, விலை இவ்வளவு, எவனும் இதை லேசா நெனைக்கப்படாதுன்னு எல்லாரையும் நிக்கவச்சு சொன்னீங்க. நான் ஸ்டோர்காரன் சார். மொதலாளி சொன்ன விலைய எழுதலாமா, கூடாதா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த ஷேக்கின் படத்தைப் பார்த்தேன். அவருக்கு ஏதோ இடித்தது என்று தெரிந்தது. அமெரிக்கத் தொழிலாளர் துறையிலிருந்து வேறு யாரோ பெட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், அது எப்படி இதோடு வந்து சேர்ந்தது, யார் யாரோடு பேசினார்கள் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். காக்கா எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "பொட்டிய பத்தி கேளுங்க சார், சொல்றேன்." கடைசியில் மேனேஜர் கையை வீசினார். இனி பெட்டி கிடையாது. கம்பி வழி மட்டும். கலாஸ், முடிந்தது.

வெளியே வந்து காக்கா தண்ணீர் குடித்தார். பிறகு அடுத்த சில வாரம் எங்கள் இருவருக்கும் எந்தக் காகிதமும் பயம்தான். ஆள் வந்து மேஜையில் உறை வைத்தால் விசா கேன்சல் என்று நினைத்தே பிரிப்போம்.

மூன்று மாதம் முடியச் சில நாள் இருந்தபோது அஞ்சல் வந்தது. நான் ரூமில் உரக்கப் படித்தேன். வரவேற்பறைத் தோழி பார்த்துச் சொன்ன அந்த ஒரு பெட்டியின் சுங்கப் பதிவை வைத்து மறுபடி மனுப் போட்டார்களாம். ஒரு துறை இறக்குமதிப் பொருள் என்று பதிந்துகொண்டதை இன்னொரு துறை பொருள் இல்லை என்று சொல்ல முடியவில்லையாம். ஏற்றுக்கொண்டார்கள். வகுப்பு தொடங்கப்போகிறது. பெட்டியில் மூன்று முத்திரை குத்தியவருக்கு நன்றி சொல்லச் சொல்லியிருந்தார்.

"அவளுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்றார் காக்கா.

"மொத்தக் குழுவுக்கும்."

"எக்ஸ்ரே படிக்கிறாளா பாப்போம். போட்டோ அனுப்பச் சொல்லு."

"இன்னும் நம்பலையா காக்கா?"

"நம்புறேன். போட்டோ வந்ததும் நம்புறேன்."

எலெக்ட்ரீஷியன் அண்ணன் கூரையைப் பார்த்தபடி கேட்டார். "ஏம்ப்பா, நாளைக்கு உங்க வேலை இங்கேருந்து வேற ஊருக்குப் போச்சுன்னா உங்களுக்கு என்ன குடுப்பாங்க?"

"டிக்கெட்டு" என்றார் காக்கா. "போறதுக்கு மட்டும்."

போட்டோ கடைசி வரை வரவில்லை. படித்தாரா, பாதியில் விட்டாரா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை, அலுவலகக் கணினியில் அவர் பெயரைத் தட்டவே கை கூசியது.

அடுத்த பதிப்பைக் கம்பி வழியாக அனுப்பிவிட்டு, ஏறி முடிந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கா அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார்.

"சிடி குடு."

"பெட்டி கிடையாதுன்னாரே காக்கா."

"அமெரிக்காவுக்குக் கிடையாது. எனக்குக் குடு."

பதிந்து கொடுத்தேன். அவர் டெலிவரி நோட் எழுதினார், விலையை முழுதாகப் போட்டார், முத்திரை குத்தினார். அனுப்புநர் இடத்தில் எங்கள் கம்பெனி. பெறுநர் இடத்தைக் காலியாக விட்டார். பெட்டியைத் தன் அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார்.

"யாருக்கு இது?"

"தெரியலை. இந்த வேலையும் ஒரு நா இங்கேருந்து போகும்ல. அன்னிக்கு எவனாச்சும் கேப்பான், நீ என்னா பொருள் செஞ்சேன்னு."

"இங்க அப்படிக் கேக்க ஆபீஸே கிடையாதே காக்கா."

"அது வரைக்கும் பொட்டி இருக்கட்டும்" என்றார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டையின் உள்பையில் போட்டுக்கொண்டார்.